பக்கத்தில் ஒருத்தி

குவாத்தமாலா நகரத்து ஆஸ்பத்திரியொன்றில், 1970களின் பிற்பகுதியில், தலைப்பிரசவத்துக்காக வந்து சேர்ந்த இளம்பெண்கள் வாயிற்படியிலேயே தாயையும் கணவனையும் விட்டுப் பிரிந்து, உற்றார் எவரும் நுழையலாகாத பிரசவக் கூடத்தில், அறியாத முகங்களுக்கிடையே இடுப்புவலி பொறுத்துக் கிடந்தார்கள். வைத்தியர்களும் நர்சுகளும் செய்ய வேண்டிய சிகிச்சைகளைச் செய்தார்கள். ஆனால் ஒரு நர்ஸ் பல கட்டில்களுக்கும் பொதுவானவளாகையால், எந்த ஒரு பெண்ணின் பக்கத்திலும் எவரும் தொடர்ந்து அமர்ந்திருக்கவில்லை. அமெரிக்காவிலுள்ள கிளீவ்லாந்து நகரத்தைச் சேர்ந்த மார்ஷல் கிளவுஸ், ஜான் கென்னல் என்ற குழந்தை வைத்தியர் இருவரும், ராபர்ட்டோ சோசா முதலிய சகாக்களும் சேர்ந்து, கேட்பவர்களுக்கு மிகச் சாதாரணமாகத் தோன்றக்கூடிய ஒரு பரிசோதனையை அங்கே நடத்தினார்கள். வந்து சேர்ந்த பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை வழக்கமான பராமரிப்பில் விட்டுவிட்டு, மற்றப் பிரிவைச் சேர்ந்த ஒவ்வொருத்திக்கும் ஒரு துணைப் பெண்ணை அமர்த்தினார்கள். அந்தத் துணைப் பெண் வைத்தியம் கற்றவள் அல்லள். பிரசவிக்க வந்தவளுக்கு முன்பின் அறிமுகமானவளும் அல்லள். முதுகைத் தடவிக் கொடுப்பதும், கையைப் பற்றிக்கொள்வதும், நடப்பது இன்னதென்று எடுத்துச் சொல்வதும், எக்காரணம் கொண்டும் இறுதிவரை விட்டுப் போகாமலிருப்பதுமே அவளுக்கு இட்ட பணி.

1980ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆராய்ச்சியின் முடிவைப் படித்த வைத்திய உலகம் ஒரு கணம் திகைத்திருக்க வேண்டும். ஒப்பிடுவதற்குச் சிக்கலில்லாமல் பிரசவித்த பெண்கள் ஒவ்வொரு பிரிவிலும் 20 பேர் தேவைப்பட்டார்கள். துணை பெற்ற பிரிவில் அந்த எண்ணிக்கையை எட்டுவதற்கு 33 பெண்களைச் சேர்த்ததே போதுமாயிருந்தது. துணையற்ற பிரிவிலோ 103 பெண்களைச் சேர்க்க வேண்டியதாயிற்று. ஏனெனில் சிசேரியன் செய்ய நேர்வதும், சிசு கருப்பையிலேயே மலம் கழித்துப் பனிக்குட நீரைக் கலங்கச் செய்வதும் போன்ற சிக்கல்கள் அப்பிரிவில் அத்தனை மிகுதியாக இருந்தன. சிக்கலற்றவர்களை மட்டும் ஒப்பிட்டாலும், ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து குழந்தை பிறக்கும் வரை துணை பெற்றவர்களுக்குச் சராசரியாக 8.8 மணி நேரமும், மற்றவர்களுக்கு 19.3 மணி நேரமும் ஆயின. பிரசவத்துக்குப் பிறகும் வேற்றுமை தொடர்ந்தது: துணை பெற்ற தாய்மார்கள் அதிக நேரம் விழித்திருந்து, குழந்தையை அதிகமாகத் தடவினார்கள், அதைப் பார்த்துச் சிரித்தார்கள், அதனோடு பேசினார்கள்.

இந்தத் துணைப் பெண்ணை இன்று உலகெங்கும் டூலா என்றே குறிப்பிடுகிறார்கள். தானா ரஃபேல் என்ற மானிடவியல் அறிஞர், தாய்ப்பால் ஊட்டுவதைப் பற்றி 1973இல் வெளியிட்ட நூலில், புதிதாகப் பிள்ளை பெற்றவளுக்கு உதவியாயிருக்கும் பெண்ணை இப்பெயரால் வழங்கினார். குவாத்தமாலா ஆராய்ச்சியாளர்கள் அதைப் பிரசவ நேரத்துத் துணைக்கும் ஏற்றுக்கொண்டார்கள்.

குவாத்தமாலாவின் கூடம் நெரிசலானது, அங்குள்ள பெண்கள் ஏழைகள், வசதி மிக்க அமெரிக்க ஆஸ்பத்திரியில் இப்படியொரு பலன் தோன்றாது என்று வாதிக்க இடமிருந்தது. ஆகவே கென்னல் குழுவினர் டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில், ஏழை எளியவர்கள் வரும் பொது ஆஸ்பத்திரியொன்றில், மானிட்டர், மயக்க ஊசி முதலிய நவீன சாதனங்கள் அனைத்தும் அமைந்த சூழ்நிலையில், மறுபடியும் பரிசோதித்தார்கள். 1991இல் வெளியான இந்த ஆராய்ச்சியில் ஒரு நுட்பமான ஏற்பாடு உண்டு. 212 பெண்களுக்கு டூலா அமர்த்தப்பட்டாள். வேறு 200 பெண்களின் அறையில், ஒரு மூலையில், கண்ணுக்கு உறுத்தாதபடி ஒருத்தி உட்கார்ந்து நடப்பவற்றைக் குறித்துக்கொண்டிருந்தாள். அவள் பேசவில்லை, தொடவில்லை, அருகே வரவுமில்லை. மூன்றாவது பிரிவினருக்கு இவ்விரண்டும் இல்லை. சிசேரியன் செய்ய நேர்ந்தவர்கள், டூலா பெற்ற பிரிவில் நூற்றுக்கு 8 பேர்; துணையே இல்லாத பிரிவில் 18 பேர்; மௌனமாக ஒருத்தி உட்கார்ந்திருந்த நடுப்பிரிவில் 13 பேர். தானாகவே சுகப் பிரசவமானவர்களிலும், முதுகுத்தண்டில் போடும் எபிடூரல் மரப்பு ஊசி தேவைப்பட்டவர்களின் விகிதம் முறையே 7.8, 55.3, 22.6.

டூலாவைப் பற்றிய ஆராய்ச்சிகள் அனைத்திலும் என் மனத்தை மிகவும் கவர்வது இந்த நடுப்பிரிவின் எண்தான். மூலையில் அமர்ந்து காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்த அந்தப் பெண் எந்த உதவியும் செய்யவில்லை. அவள் எழுந்து போகவில்லை என்பது ஒன்றே அவள் செய்தது. அப்படியிருந்தும் அந்த அறையில் வலி பொறுத்துக் கிடந்தவளின் சரீரம், தான் தனித்து விடப்படவில்லை என்பதை எவ்வாறோ உணர்ந்துகொண்டது. கையின் வருடலும், மூச்சுப் பயிற்சியும், ஆறுதல் மொழியும் இதன்மேல் கூடிச் சேர்ந்து பலனை இரட்டிப்பாக்கின என்பது உண்மையே. ஆயினும் அடித்தளமாக நின்றது விட்டகலாத சாந்நித்தியம்.

சரீரம் இதை உணரும் வகை எது? கருப்பை என்பது நம் இச்சைக்கு உட்படாத தசையாலானது. அதைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் மூளையின் அடிப்பாகத்தில் உற்பத்தியாகி, பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து ரத்தத்தில் விட்டுவிட்டுக் கலக்கிறது. பிட்யூட்டரிச் சாற்றுக்குக் கருப்பையைச் சுருக்கும் ஆற்றல் உண்டு என்பதை 1906இல் ஹென்றி டேல் என்ற ஆங்கில விஞ்ஞானி கண்டறிந்தார். அந்த ஹார்மோனின் அமைப்பைக் கண்டு, ரசாயன சாலையிலேயே அதை உண்டாக்கிய வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955இல் நோபல் பரிசு கிடைத்தது. குழந்தையின் தலை இறங்கிக் கருப்பை வாயை விரிக்கும்போது, அந்த விரிவின் செய்தி நரம்புகளின் வழியே மூளைக்குச் சென்று மேலும் ஆக்ஸிடோசினை வரவழைக்க, அதனால் வலி வலுத்து, தலை இன்னும் இறங்கி, வாய் இன்னும் விரிய, ஒன்றையொன்று தூண்டி வளர்க்கும் இந்தச் சுழற்சியின் முடிவில்தான் பிரசவம் நிகழ்கிறது.

இந்தச் சுழற்சிக்குப் பகை பயம். பயந்தவளின் சிறுநீரகங்களின்மேல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரீனலினைக் கொட்டுகின்றன. ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடலை ஆயத்தப்படுத்தும் அந்த ஹார்மோன், கைகால் தசைகளுக்கு முறுக்கேற்றும் அதே வேளையில், கருப்பைத் தசையில் உள்ள ஏற்பிகளைப் பற்றி அதைத் தளர்த்திவிடுகிறது. காட்டில் ஈனும் நிலையிலுள்ள பிராணி அபாயத்தை மோப்பம் பிடித்தால், ஈற்றை நிறுத்திக்கொண்டு பத்திரமான இடத்துக்கு ஓடுவதற்கு இயற்கை வகுத்துக் கொடுத்த வழி இது என்று கருத இடமுண்டு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவளுக்கோ ஓடவும் வழியில்லை. வலி மட்டும் பலனின்றி நீள்கிறது. 1978இல் ரெஜினா லெடர்மன் என்பவரும் அவருடைய சகாக்களும் பிரசவ வேதனையிலிருந்த பெண்களின் ரத்தத்தைச் சோதித்து, மனக்கலக்கம் மிக்கவர்களிடம் அட்ரீனலின் அளவு ஏறியிருந்ததையும், அவ்வாறு ஏறியவர்களின் கருப்பைச் சுருக்கம் வலுவிழந்து பிரசவம் நீண்டதையும் காட்டினார்கள். பயத்தைத் தணிக்கும் ஒரு கை கருப்பையின் வேலையையே இலகுவாக்குகிறது என்று நாம் சொல்லும்போது, அது உபசார வார்த்தை அன்று.

மனிதப் பெண் பிரசவத்தில் துணையை நாடுவதற்கு இன்னும் பழைய காரணமும் இருக்கலாம் என்பது காரென் ரோசன்பர்க், வெண்டா டிரெவாதன் என்ற மானிடவியலாளர் இருவரின் கருத்து. நிமிர்ந்து நடக்கத் தொடங்கியதால் இடுப்பெலும்பின் அமைப்பு மாறிவிட, பெருந்தலையுடைய மனித சிசு வரும் வழியில் திரும்பித் திரும்பி வந்து, பெரும்பாலும் தாயின் முதுகுப்புறம் முகம் நோக்கியபடி வெளிவருகிறது. குரங்கினங்கள் பலவற்றில் குட்டியின் முகம் தாயை நோக்கியிருக்குமாதலால், தாய் தானே கையை நீட்டி எடுத்துக்கொள்ளலாம். மனிதத் தாய் அவ்வாறு இழுத்தால் சிசுவின் முதுகெலும்பு பின்புறமாக வளையும் ஆபத்துண்டு. இன்னொருத்தியின் கை வேண்டியிருந்ததால், வலி கண்டவுடன் பயமுற்றுத் துணை தேடும் சுபாவமே நம் முன்னோருக்குப் பயன்பட்டு நிலைத்திருக்கலாம் என்கிறார்கள் அவர்கள்.

இத்தனை பழைய வழக்கம் ஓரிரு தலைமுறையில் கைவிடப்பட்டது. அமெரிக்காவில் 1900ஆம் ஆண்டில் நூற்றுக்கு ஐந்து பிரசவம்கூட ஆஸ்பத்திரியில் நடக்கவில்லை. 1950இல் அது 88 ஆகிவிட்டது. கிருமிகளைக் கொல்லும் மருந்துகளும், ரத்தம் ஏற்றும் வசதியும், ஆபத்தில்லாத அறுவைச் சிகிச்சையும் காப்பாற்றிய தாய்மாரின் தொகை அளவிடற்கரியது. அந்த உபகாரத்தை மறப்பவன் நன்றி கெட்டவன். ஆயினும் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குச் சென்ற பெண்ணோடு அவளுடைய தாயும் அத்தையும் அடுத்த வீட்டுக்காரியும் உள்ளே செல்லவில்லை. அவர்கள் இருந்த இடம் வெறுமையானதை நெடுங்காலம் எவரும் ஒரு குறையாகக் கணக்கிடவில்லை.

அந்த வெறுமையை நிரப்ப வந்த டூலாவின் வேலை வலி எடுப்பதற்கு வெகு முன்பே தொடங்குகிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இரண்டு மூன்று முறை வீட்டுக்கு வந்து, கணவனையும் மனைவியையும் உட்கார வைத்துக்கொண்டு அவள் கேட்கும் கேள்விகள் எளியவை: எதை நினைத்தால் பயமாயிருக்கிறது? முந்தைய பிரசவம் எப்படி நடந்தது? யார் உடனிருந்தால் தைரியமாயிருக்கும், யார் இருந்தால் கூச்சமாயிருக்கும்? வலி தணிக்கும் மருந்தைப் பற்றி என்ன எண்ணம்? பதில்களைக் கொண்டு விருப்பங்களை ஒரு தாளில் எழுத உதவுகிறாள். எழுதியபடியே எல்லாம் நடந்துவிடாது என்பதையும் அப்போதே சொல்லி வைக்கிறாள். பனிக்குடம் உடைந்தால் நீர் எந்த நிறமாயிருந்தால் உடனே கிளம்ப வேண்டும், பொய்வலி எது, மெய்வலி எது என்பன போன்ற சங்கதிகள் நள்ளிரவுப் பதற்றத்தில் விளங்க மாட்டா. நிதானமான பகற்பொழுதில் சொன்னால் மனத்தில் தங்கும்.

வலி எடுத்த பின் அவள் செய்வதைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். சிசுவின் பின்மண்டை தாயின் முதுகுப்புறம் திரும்பியிருந்தால், ஒவ்வொரு வலியின்போதும் அது இடுப்பின் பின்னெலும்பை அழுத்த, வயிற்றைவிட முதுகே பிளப்பதுபோல் நோகும். அப்போது பெண்ணை முன்புறம் குனிந்து கட்டில் விளிம்பையோ மேஜையையோ பற்றிக்கொள்ளச் செய்து, டூலா பின்னால் நின்று, தன் இரு உள்ளங்கைகளையும் அவளுடைய பிட்டத்தின் இருபுறமும் அகல வைத்து, வலி தொடங்கியது முதல் அடங்கும் வரை உட்புறமாகவும் மேற்புறமாகவும் சேர்த்து அழுத்துகிறாள். இடுப்பெலும்பின் பின்மூட்டுகளில் ஏறும் இழுவிசை இதனால் குறைகிறது. வலி ஒரு நிமிஷம் நீடிக்கும், இடைவெளி மூன்று நான்கு நிமிஷம், இப்படியே மணிக்கணக்காக. அழுத்துபவளின் மணிக்கட்டு மரத்துப் போகும். ஆனாலும் வலியின் நடுவே கையை எடுத்துவிடலாகாது. சியாட்டில் நகரத்துப் பென்னி சிம்கின் என்ற உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் இத்தகைய முறைகளை ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கற்பித்தார். கிளவுஸ், கென்னல் முதலியோருடன் சேர்ந்து 1992இல் டூலாக்களுக்கான முதற்பெரும் சங்கத்தை நிறுவியவர்களில் அவரும் ஒருவர்.

கருப்பை வாய் முழுதும் விரிவதற்குச் சற்று முன்பு, ஏழெட்டு சென்டிமீட்டரைத் தாண்டும் கட்டத்தில், எத்தனை தைரியசாலியும் நிலைகுலைந்து விடுவது உண்டு. உடம்பு நடுங்கும், குமட்டும், இனி என்னால் ஆகாது, வீட்டுக்குப் போகிறேன் என்பாள். அநுபவமில்லாத கணவன் இதைக் கேட்டுக் கலங்கிப் போவான். டூலாவோ, வேளை நெருங்கிவிட்டதென்று அறிந்து, முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுவந்து, அவள் கண்களைத் தன் கண்களால் பிடித்து நிறுத்தி, ஒரு மூச்சு, அடுத்த மூச்சு, அதற்கடுத்த மூச்சு என்று கூடவே சுவாசித்து, அந்த ஒரு வலியை மட்டும் கடக்கச் செய்கிறாள்.

அவள் செய்யாதவையும் உண்டு. கருப்பை வாயின் விரிவைச் சோதிப்பதில்லை, சிசுவின் இதயத்துடிப்பைக் கணிப்பதில்லை, மருந்து கொடுப்பதில்லை, தாயின் சார்பில் தானே முடிவெடுப்பதுமில்லை. இவை மருத்துவச்சிக்கும் வைத்தியருக்கும் தாய்க்கும் உரியவை. சிசேரியன் அவசியமாகிவிட்டால் அது தோல்வி என்ற எண்ணம் எழாதபடி பார்த்துக்கொள்வதும் அவள் கடமையே. வைத்தியர்களை எதிரிகளாகப் பாவிக்கும் டூலா தன் தொழிலுக்கும் தாய்க்கும் ஒருங்கே தீங்கிழைக்கிறாள் என்றே நான் கருதுகிறேன்.

இந்தத் துணையை நர்சுகளே அளித்தால் போதாதா என்ற கேள்வி நியாயமானது. கனடாவிலும் அமெரிக்காவிலுமுள்ள 13 ஆஸ்பத்திரிகளில் 6,915 பெண்களைக் கொண்டு எல்லன் ஹாட்னெட் நடத்திய பெரிய ஆராய்ச்சி, 2002இல் இதற்கு விடை தந்தது. பயிற்சி பெற்ற நர்சுகள் தொடர்ந்து உடனிருந்த பிரிவில் சிசேரியன் நூற்றுக்கு 12.5, வழக்கமான பிரிவில் 12.6. நர்சுகளின் அன்பில் குறை காண்பது தகாது. அவர்கள் ஆஸ்பத்திரியின் விதிகளுக்கும் கருவிகளுக்கும் நேர அட்டவணைக்கும் கட்டுப்பட்டவர்கள். கணவன் இருந்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. கிளீவ்லாந்தில் மத்தியதரத் தம்பதிகளைக் கொண்டு நடத்தி 2008இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இரு பிரிவிலும் கணவனோ வேறு துணையோ உடனிருக்க, ஒரு பிரிவுக்கு மட்டும் டூலாவும் சேர்க்கப்பட்டாள். சிசேரியன் அப்பிரிவில் நூற்றுக்கு 13.4 ஆகவும் மற்றதில் 25 ஆகவும் இருந்தது. கணவன் பாசத்தால் கட்டுண்டவன். மனைவி வேதனைப்படுவதைக் கண்டு அவனே பயப்படுகிறான். அவனுக்கும் ஒருவர் தைரியம் சொல்ல வேண்டியிருக்கிறது. டூலா வந்ததால் அவன் ஒதுக்கப்படுவதில்லை. எங்கே கையை வைப்பது, எப்போது தண்ணீர் கொடுப்பது என்று அறிந்தவனாக, அவனும் அருகே வருகிறான்.

எண்களை எடைபோடும்போது நிதானம் வேண்டும். குவாத்தமாலாவின் பத்து மணி நேர வேற்றுமை இருபது இருபது பேரைக் கொண்ட சிறு பிரிவுகளில் கண்டது. 17 நாடுகளில் நடந்த 26 ஆராய்ச்சிகளின் தரவுகளை, 15,000க்கு மேற்பட்ட பெண்களின் அநுபவத்தை, ஒருங்கே திரட்டி 2017இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வின்படி, இடைவிடாத துணையால் பிரசவம் குறுகுவது சராசரியாக 40 நிமிஷ அளவே. சிசேரியன் வாய்ப்புக் குறைவது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. பிரசவத்தைப் பற்றிக் கசப்போடு நினைப்பவர்களும் குறைகிறார்கள். புது மருந்தைச் சோதிப்பவர்கள் வெறும் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்து ஒப்பிடுவதுபோல், பொய்த் துணை ஒருத்தியை அமர்த்தி ஒப்பிட முடியாதாகையால், இச்சான்றுகளில் எப்போதும் சிறிது ஐயம் ஒட்டிக்கொண்டேயிருக்கும். ஆனால் இந்த நன்மைகளுக்கு ஈடாக ஒரு தீமையும் தென்படவில்லை என்பதை நாம் மறக்கலாகாது; இப்படிச் சொல்லத்தக்க சிகிச்சைகள் வைத்திய சாஸ்திரத்தில் மிகச் சிலவே.

குழந்தை பிறந்து வீடு திரும்பியதும் வேறொரு தனிமை காத்திருக்கிறது. வாழ்த்த வருபவர்கள் குழந்தையைப் பார்க்க வருகிறார்கள். தாயைப் பார்க்க வருபவர் அரிது. அவளோ உதிரப்போக்கும், தையலின் வலியும், பால் கட்டிய மார்பும், தூக்கமின்மையும் ஒருசேரத் தாக்க, காரணமில்லாமல் அழுகிறாள். முதல் இரண்டு வாரங்களில் இப்படி அழுவது பெரும்பாலோருக்கு இயல்பு. அதற்குப் பிறகும் நீடித்து, பசியும் பற்றும் அற்றுப்போனால் அது நோய், வைத்தியம் தேவை. இந்த எல்லையை அறிந்தவள் ஒருத்தி வாரத்தில் சில நாள் வீட்டுக்கு வந்துபோனால், தக்க சமயத்தில் குடும்பத்தாரை எச்சரிக்க முடிகிறது. மற்றபடி அவள் செய்வதெல்லாம் தாய்க்குச் சுடச்சுட உணவு கொடுப்பது, குழந்தையின் வாய் காம்பை மட்டுமன்றிச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் கவ்வும்படி மார்பில் சேர்த்துக் காட்டுவது, மூத்த குழந்தையை வெளியே அழைத்துப் போய் ஒரு மணி நேரத் தூக்கத்துக்கு வழிசெய்வது ஆகியவையே.

தென்னாப்பிரிக்காவில் ஜோஹானஸ்பர்க் நகரத்து ஆஸ்பத்திரியொன்றில் ஹாஃப்மெயர் என்ற மகப்பேற்று வைத்தியரும் சகாக்களும் 189 பெண்களைக் கொண்டு நடத்தி 1991இல் வெளியிட்ட ஆராய்ச்சி இங்கே நினைக்கத்தக்கது. அங்கே துணையாக வந்தவர்கள் அக்கம்பக்கத்துச் சாமானியப் பெண்கள். பிரசவத்தின் வேகத்தில் அங்கே யாதொரு மாறுதலும் காணப்படவில்லை. ஆனால் ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது, துணை பெற்றவர்களில் நூற்றுக்கு 51 பேர் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுத்துவந்தார்கள். துணையில்லாதவர்களில் 29 பேரே. மனச்சோர்வும் முன்னவர்களிடம் குறைந்திருந்தது. பிரசவ அறையில் சில மணி நேரம் கிடைத்த ஆதரவு, ஒன்றரை மாதம் கழிந்தும் பாலூட்டுவதில் வெளிப்பட்டதென்றால், அந்தச் சில மணி நேரத்தில் அவள் தன்னைப் பற்றியே ஏதோ ஒன்றைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். முன்சொன்ன பென்னி சிம்கின், இருபது பெண்களிடம் அவர்களுடைய முதற்பிரசவத்தைப் பற்றி 15 முதல் 20 ஆண்டுகள் கழித்து விசாரித்து, அக்காலத்தில் அவர்களே எழுதிவைத்த குறிப்புகளோடு ஒப்பிட்டார். ஞாபகம் பெரிதும் பிசகாமல் நின்றது. திருப்தியும் மனக்குறையும் வலியின் அளவைப் பொறுத்தல்ல, தன்னை அப்போது மற்றவர்கள் நடத்திய விதத்தைப் பொறுத்தே அமைந்திருந்தன.

ஹாலந்து தேசத்தில் பிரசவித்தவளின் வீட்டுக்கே பயிற்சி பெற்ற பணிப்பெண் வந்து, முதல் எட்டுப் பத்து நாட்களில் குறைந்தது 24 மணி நேரமாவது தாயையும் சேயையும் கவனித்து, வீட்டு வேலையிலும் கைகொடுக்கும் ஏற்பாடு பெரும்பாலும் காப்புறுதியின் செலவிலேயே நடைபெறுகிறது. ஏழை பணக்காரர் என்ற பேதமின்றி எல்லோருக்கும் கிடைப்பதுதான் அதன் சிறப்பு. அமெரிக்காவில் டூலா பெரும்பாலும் பணம் படைத்தவர்களின் வசதியாகவே இருந்துவருகிறாள். குவாத்தமாலாவிலும் ஹூஸ்டனிலும் பலனைக் காட்டியவர்கள் ஏழைப் பெண்களாயிருக்க, அந்தப் பலன் அவர்களை விட்டு வேறிடம் போய்ச் சேர்ந்தது அநீதி. மின்னசோட்டா முதலிய மாநிலங்கள் ஏழைகளுக்கான அரசாங்க மருத்துவ உதவியிலிருந்தே டூலாவின் ஊதியத்தைக் கொடுக்கச் சட்டம் செய்யத் தொடங்கியது 2010களில்தான்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2018இல் வெளியிட்ட சிபாரிசுகளில், பிரசவிக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவளே தேர்ந்தெடுத்த துணை ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று கூறுகிறது. இந்திய அரசாங்கமும் 2016இல் அரசு ஆஸ்பத்திரிகளில் பெண் துணை ஒருத்தியை அநுமதிக்கும்படி அறிவுறுத்தியது; தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் அத்தகைய ஏற்பாடு அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. உத்தரவு வந்துவிட்டாலும் கூடத்தின் அமைப்பு அதற்கு இடங்கொடுக்க வேண்டும். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையே மறைப்பில்லாத கூடத்தில் ஒருத்தியின் துணை இன்னொருத்தியின் மானத்துக்குக் குந்தகமாகிவிடுமாதலால், பொறுப்பிலுள்ள வைத்தியர் வாயிற்கதவை மூடிவிடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு திரை, துணை உட்கார ஒரு முக்காலி, உள்ளே வருபவளுக்கு அவள் செய்ய வேண்டியதையும் செய்யக் கூடாததையும் முன்கூட்டிச் சொல்லித்தர அரைமணி நேரம் ஒதுக்கக்கூடிய ஒரு நர்ஸ் ஆகிய இம்மூன்றுக்கும் ஆகும் செலவு, தவிர்க்கக்கூடிய சிசேரியன்களுக்கு இன்று ஆகும் செலவில் மிகச் சிறிய பங்கே. அடுத்த முறை பிரசவக் கூடத்துக்கு வரைபடம் போடுகிறவர்கள் இவற்றை முதலிலேயே அதில் சேர்த்துவிட வேண்டும்.